பத்தொன்பதாவது டேக்

பழசானதால் அந்தப் படத்துக்கு இப்போது மரியாதை வந்துவிட்டது.
கீறல்களைத் துடைத்து, ஒலியை அலசி,
வூச் நகரத்தின் மூடிய நூல் ஆலை ஒன்றில்
குளிர்காலத்துக்கு ஒருமுறை திரையிடுகிறார்கள்.
ட்ராம் ஓட்டி முடித்துச் சீருடையோடு போனேன்.
டிக்கெட் கிழித்த பெண்ணுக்கு என்னைத் தெரியவில்லை.
அவள் முதுகுக்குப் பின்னால் சுவரொட்டியில் நான்:
ஏழு வயது, ஒரு காலுறை சரிந்திருக்க,
நீதிமன்றப் படிக்கட்டில்
இரண்டு பெரியவர்களுக்கு நடுவே
கொடியில் போட்ட சட்டையாக விரிந்து.

கதை பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு வீடு, ஒரு சூட்கேஸ், ஒரு பிள்ளை.
அப்பாவாக செவெரின்,
பையில் எந்நேரமும் புதினா மிட்டாய்.
அம்மாவாக ஹால்ஷ்கா.
ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால்
உள்ளங்கையை ஊதிச் சூடாக்கிய பிறகுதான்
என் கன்னத்தைத் தொடுவாள்.
அது வசனத்தாளில் இல்லை.

கூண்டில் செவெரின் சொல்கிறான்:
"பாலில் ஆடை படிந்தால் மியெஷ்கோ குடிக்க மாட்டான்."
ஹால்ஷ்கா குறுக்கிட்டுக் கத்துகிறாள்:
"அதை எடுத்துப் போடுவது யார்? நான்!"
உண்மையில் எனக்குப் பாலாடை பிடிக்கும்.
பிடித்திருந்தது, அந்தக் காட்சி எடுத்த நாள் வரை.
அதற்குப் பிறகு இன்றைக்கும்
கரண்டியால் ஒதுக்கிவிட்டுத்தான் குடிக்கிறேன்.
என்னைப் பற்றி இரண்டு பேர் மனப்பாடம் செய்தது
பொய்யாகிவிடக் கூடாதில்லையா?

படிக்கட்டுக் காட்சி மே மாதத்தில் எடுத்தது.
பனிக்கு உப்பு கொட்டியிருந்தார்கள்.
அவன் வலக்கையை இழுக்க வேண்டும்,
அவள் இடக்கையை.
"இன்னும் பலமாக" என்றார் இயக்குநர்.
ஆறாவது டேக்கில் ஒரு பொத்தான் தெறித்தது.
பதினொன்றில் ஹால்ஷ்கா வழுக்கி விழுந்தாள்,
கையை மட்டும் விடவில்லை.
தோள்மூட்டில் வலி இரண்டு நாள் இருந்தது.
மூன்றாம் நாள் காலை எழுந்து
தோளை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன்,
எங்காவது மிச்சம் இருக்குமா என்று.

அதே மாதம், நாலு தெரு தள்ளி
நிஜ நீதிமன்றத்தில் எங்கள் வழக்கு.
பதினொரு நிமிடம்.
க்தான்ஸ்க் கப்பல் தளத்திலிருந்து அப்பாவின் கடிதம்:
பையன் விஷயத்தில் ஆட்சேபனை இல்லை.
அம்மா இரவு ஷிஃப்ட் முடித்து வந்திருந்தாள்,
தலைமுடியில் பஞ்சு.
வீட்டுக்காரன் வராத பார்சலை வாங்கிக்கொள்ளும்
பக்கத்து வீட்டுக்காரி போல
காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.
அவளைக் குறை சொல்லவில்லை.
ட்ராமில் என்னைப் படப்பிடிப்புக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு
உடைகள் தொங்கும் அறையில்
யாரோ ஒரு ராணியின் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு
தூங்குவாள்.

கடைசிக் காட்சியில் நான் அழும் அழுகையைப் பற்றி
நிறைய எழுதியிருக்கிறார்கள்.
இயக்குநர் காதில் ஏதோ சொன்னாராம்.
நாய்க்குட்டி செத்துவிட்டதென்று சொன்னாராம்.
எங்களிடம் நாய்க்குட்டி இருந்ததே இல்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான்:
"கட். போதும். அருமை."
எல்லோருக்கும் கேட்கும்படி.
செவெரின் கையை விட்டான், சிகரெட்டுக்காக.
ஹால்ஷ்கா கையை விட்டாள், மூக்கைத் துடைக்க.
கேமராக்காரன் மட்டும்
ஏனோ நிறுத்தவில்லை.

விளக்குப் போட்டார்கள்.
பக்கத்து இருக்கைக் கிழவி கண்ணாடியைக் கழற்றி
"பாவம், அந்தப் பையன்
கடைசியில் யாரிடம்தான் போனான்?" என்றாள்
யாரிடமென்றில்லாமல்.
டிப்போவுக்கு, என்றேன்.
காலை நாலரைக்கு முதல் வண்டி அவனுடையது.
அவள் என் சீருடையைப் பார்த்தாள்,
பதினாலாம் எண் சந்தைப்பக்கம் நிற்குமா என்று கேட்டாள்.
நிற்கும், என்றேன்.