நட்சத்திரம் இல்லாத நீலம்

பிரேசிலுக்கு ஐந்து.
ஜெர்மனிக்கு நான்கு, இத்தாலிக்கும் நான்கு.
அர்ஜென்டினாவுக்கு இரண்டு மூன்றான வருசம்
பழைய அச்சு மொத்தமும் குப்பைக்குப் போனது.
திருப்பூரில் செக்கிங் மேசையில் பன்னிரண்டு வருசம்.
ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.
சட்டை நெஞ்சில் எண்ணியெண்ணியே
உலகக்கோப்பை எனக்கு மனப்பாடம்.

சித்திரையில் வந்தது நீல ஆர்டர்.
மூவாயிரத்து இருநூறு பீஸ், உள்நாட்டுக்கு.
ஸ்பெக் ஷீட்டில் நட்சத்திரத்துக்கான கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.
"இதுக்கு எத்தனைங்க?"
மாஸ்டர் சென்னிமலையப்பன் தலை தூக்காமல்
"நம்முளுக்கு ஒண்ணுமில்லீங்" என்றார்,
கரண்ட் இல்லை என்று சொல்வதுபோல.

ஃபியூசிங் மெஷினில் சலோமி எக்கா.
ஒடிசாவில் சுந்தர்கர் பக்கம் ஏதோ ஊர்.
தமிழில் அவளுக்கு முதலில் வந்த சொல் 'டேமேஜ்',
அடுத்தது 'இல்லீங்'.
ஞாயிறு மத்தியானம் நொய்யல் கரையில்
மூடிய சாயப்பட்டறையின் காலி இடத்தில்
நாலு கல் நட்டு ஆடும் கூட்டத்துக்கு
அவள்தான் கோல்கீப்பர்.

ஒண்ணுமில்லை என்றது அவளுக்குப் பொறுக்கவில்லை.
டீ டைம் பதினைந்து நிமிசம்.
பாதி தமிழ், பாதி இந்தி, மீதி கை.

நாற்பத்தெட்டில் லண்டன்.
வெறுங்காலோடு ஆடினவர்கள்தான் நிறைய.
பிரான்சிடம் ஒன்றுக்கு இரண்டு.
கிடைத்த பெனால்டி இரண்டும் வீண்.
ஐம்பதில் பிரேசிலுக்கு இடம் கிடைத்தும் போகவில்லை.
ஏன் என்றால் ஆளுக்கொரு காரணம்.
"பேக்கிங் முடிஞ்சும் கண்டெய்னர் ஏறாத சரக்கு" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஐம்பத்தொன்றில் டெல்லியில் ஆசியத் தங்கம்.
ஐம்பத்தாறில், மெல்போர்ன் ஒலிம்பிக்கில், நான்காவது.
அறுபத்திரண்டில் ஜகார்த்தா.
மைதானம் முழுக்க எதிர்க்கூச்சல்.
தலையில் தையல் போட்ட ஒருத்தன்,
தடுப்பாட்டக்காரன், அன்றைக்கு முன்னால் போய்
அதே தலையால் முட்டி கோல் போட்டான்.
மறுபடியும் தங்கம்.

அந்த இடத்தில் லைனே திரும்பிப் பார்த்தது.
"எத்தன தையல்?" என்றாள்
பேட்லாக் தெய்வாத்தாள்.
எங்களுக்கு அதுதான் கேள்வி.
அங்குலத்துக்குப் பன்னிரண்டென்றால் நிற்கும்.
எட்டென்றால் முதல் துவைப்பிலேயே பிரியும்.

பொம்பளைங்க? என்றேன் நான்.
கோழிக்கோட்டில் ஆசியக் கோப்பை
இறுதி ஆட்டம்வரை போனார்களாம், எண்பதில்.
இந்தப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
மழையை, மண்ணை, எதை எதையோ கொண்டுவந்து கொட்டும்.
அந்தச் சேதியை மட்டும் கொண்டுவரவில்லை.

அப்புறம்?
அப்புறம் அவள் டம்ளரைப் பார்த்தாள்.
நூறைத் தாண்டிய ரேங்க், அலுவலகச் சண்டைகள்,
"அப்புறம் நிறைய வருசம், அக்கா."
டீயில் ஆடை கட்டியிருந்தது.
மணி அடித்தது.

அன்று நைட் ஷிப்டில்
பிரான்ஸ் ஆர்டரில் மிச்சப்பட்ட பொன்நிற நட்சத்திரம் ஒன்று
நீலச் சட்டையில் ஒட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தது.
கைதவறியா, வேண்டுமென்றா?
நிமிர்ந்து பார்த்தேன்.
சூட்டுப் பலகைக்குப் பின்னால் அவள் முகம்
எதுவும் சொல்லாமல் அடுத்த பீசை வைத்தது.

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. ஒட்டினேன்.
ரிஜெக்ட் பெட்டியில் போட்டேன்.
ஷிப்ட் முடிவில் பெட்டியை எண்ண வேண்டும்.
எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான்
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றாள்.
பீகார்ப் பையன்களிடம் பூச்சியத்துக்கு மூன்று.
மூன்றாவதுக்குத் தாவி விழுந்ததில்
முழங்கை தேய்ந்து, சட்டையும் போச்சு.
பழக்கதோஷம், கிழிசலை விரித்துப் பார்த்தேன்.
துணிதான் கிழிந்திருந்தது.
தெய்வாத்தாள் போட்ட தையல் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை குரோஷியா.
சிவப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் கட்டமாய்,
பக்கவாட்டில் கோடு சேராமல்
உயிரை வாங்கும்.