இரண்டு மீட்டர்

என் டிராக்டரின் திரையில் வயல் பச்சை,
நடுவில் ஒரு வெள்ளை ஓட்டை.
லிம் ஃபியோர்டிலிருந்து ஏறிவரும் காற்று
முதலில் அதில்தான் மோதும்.
மூவாயிரத்து முந்நூறு வருடப் புதைமேடு.
மூன்று பக்கம் என் பார்லி,
நாலாவது பக்கம் யெப்பேயின் கடுகு.

மேட்டின் அடியிலிருந்து இரண்டு மீட்டர்
கலப்பை படக்கூடாது என்பது சட்டம்.
நான் மீறினேன் என்று சொல்ல முடியாது.
வருடத்துக்கு ஒரு சாண்,
சில வருடம் அதிலும் பாதி,
கொழு தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்தது
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் தியூரா க்விஸ்ட் வந்தாள்,
தொல்லியல் துறை, சேறு அப்பிய பூட்ஸ்,
கையில் அளவு நாடா.
ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை.
விமானத்திலிருந்து எடுத்த படங்களைக்
கார் பானெட்டின்மேல் பரப்பினாள்.
ஐம்பத்து நாலு. எழுபத்திரண்டு. தொண்ணூற்றைந்து.
குளியலறைச் சோப்பைப் போல
மேடு தேய்ந்துகொண்டே வந்தது.
கடைசி மூன்று படங்களில் கைவரிசை என்னுடையது.

"வளைக்கரடியும்தான் தோண்டுகிறது" என்றேன்.
"அதற்கு அபராதம் போட முடியாது" என்றாள்,
சிரிக்காமல்.

வடக்குச் சரிவில் அதன் வளை.
அது தள்ளிப்போட்ட சுண்ணாம்பு மண்ணில்
மண்டியிட்டு எதையோ பொறுக்கினாள்.
உள்ளே படுத்திருப்பவன் ராஜா என்றுதான்
இங்கே எல்லோரும் சொல்வோம்.
வாள் இருக்கும், பொன் இருக்கும்.
பள்ளி நோட்டில் நானே அவனுக்குத் தாடி வரைந்திருக்கிறேன்.
அவள் உள்ளங்கையில் கிடந்தது
ஒரு பால் பல்.

பார்லி மணியைவிடக் கொஞ்சம் பெரிது.
விலை தெரிந்த ஒன்றோடுதான்
எனக்கு ஒப்பிட வருகிறது.

"திரும்ப உள்ளேயே வைத்துவிடலாமா?"
"கூடாது. எண் போட்டு அருங்காட்சியகத்துக்குப் போகும்."
பஞ்சின்மேல் வைத்து மூடினாள்.
பிறகு இரும்பு முளைகள்.
நாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன்.
"இரண்டு" என்றாள்.
ஒரு சாண் தள்ளி ஊன்றினேன்.
பார்த்தாள், எழுதவில்லை.

புனிதனாகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.
பார்லி விலை ஏறிய வருடம்
கை அரிக்கத்தான் செய்தது.
ஒவ்வொரு விதைப்பிலும், ஒவ்வொரு சுற்றிலும்
திரை கேட்கிறது:
பகுதி விடுபட்டுள்ளது. தொடரவா?
ஆம் என்று அழுத்துகிறேன்.
ஆம்.
மேட்டைச் சுற்றி வளையும்போது
எஞ்சின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து.