எட்டு மூட்டை

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள்
கசடுமேட்டின் அடியில் ஊறும் தண்ணீர்
எலுமிச்சை நிறத்தில் இருக்கும்.
பார்க்க அழகு. அதுதான் கேடு.
ராணிப்பேட்டையில் மஞ்சளை நம்பக் கூடாதென்று
வேலைக்குச் சேர்ந்த வாரமே தெரிந்துகொண்டேன்.

தொட்டியில் நிற்பது டைகுரோமேட்.
இரண்டு குரோமியம், ஏழு ஆக்சிஜன்,
மொத்தத்தில் இரண்டு எதிர்மின்சுமை.
ஆக்சிஜன் ஒவ்வொன்றுக்கும் கழித்தல் இரண்டு எழுதினால்
குரோமியத்தின் தலையில் கூட்டல் ஆறு.
எந்த அணுவும் இந்த எண்ணைச்
சட்டையில் குத்திக்கொண்டு திரிவதில்லை.
நாமாக எழுதும் பற்று வரவு.
ஆனாலும் கடைசி வரியில் நேராகிற கணக்கைப்
பொய்யென்று சொல்ல முடியாது
என்று நினைத்திருந்தேன்.

ஆறு மூன்றாக வேண்டும்.
பச்சையாகி, சுண்ணாம்போடு கீழே படிந்து,
பாலாற்று மணலுக்குப் போகாமல் இருக்க வேண்டும்.
ஒன்றுக்கு மூன்று எலக்ட்ரான், இரண்டுக்கு ஆறு.
யார் கொடுப்பது?
இரும்பு.
மூட்டையில் வரும் வெளிர்பச்சை உப்பு, பெரஸ் சல்பேட்.
இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும்போது
அதன் கையிலிருந்து ஒன்றே ஒன்றுதான் விழும்.
ஆகவே இரும்புக்கு முன்னால் ஆறு.
ஏழு ஆக்சிஜனுக்கு ஏழு தண்ணீர்,
அதற்குப் பதினான்கு ஹைட்ரஜன், அமிலத்திலிருந்து.
மின்சுமை இந்தப் பக்கம் இருபத்துநான்கு,
அந்தப் பக்கம் இருபத்துநான்கு.
பதிவேட்டின் பின்னட்டையில், பென்சிலில்,
டீக்கறைக்குப் பக்கத்தில்.

எடைக்கு மாற்றினால்
ஒரு கிலோ குரோமியத்துக்குப் பதினாறு கிலோ உப்பு.
தொட்டியில் இருபத்துநான்கு கிலோ.
முந்நூற்று எண்பத்துநான்கு.
ஐம்பது கிலோ மூட்டை எட்டு.

ஸ்டோர் நோட்டில் எட்டு.
கேட் பாஸில் எட்டு.
குப்புராஜ் சார் கையெழுத்துக்கு மேலே
முத்து முத்தாக எட்டு.

"இன்னா மேடம், கொட்டியாச்சு, கலக்கியாச்சு,
இன்னும் மஞ்சளாவே கீதே"
என்றான் பம்ப் ஆபரேட்டர் தசரதன்.

குடுவையில் கொஞ்சம் எடுத்து, அமிலம் விட்டு,
டைபினைல்கார்பசைடு சேர்த்தேன்.
ஊதா எழுந்தது,
கல்யாண வீட்டுப் புடவை மாதிரி, கூச்சமே இல்லாமல்.

சமன்பாட்டை மறுபடி போட்டேன்.
தப்பு என்னுடையதாக இருக்கட்டும் என்று
வேண்டிக்கொண்டே போட்டேன்.
இருபத்துநான்கு. இருபத்துநான்கு.

பிறகு ஷெட்டுக்குப் பின்னால் போய்
டார்ச் அடித்துக் காலிச் சாக்குகளை எண்ணினேன்.
ஐந்து.

பொய்க் கணக்கும் இரண்டு பக்கமும் நேராகத்தான் வருகிறது,
தண்ணீரைக் கேட்காத வரைக்கும்.

போனில் குப்புராஜ் சார்:
"ரிப்போர்ட்ல அந்தப் புள்ளிய மட்டும்
ரெண்டு எடம் தள்ளி வையும்மா நசீமா.
சின்ன எண்ணுதானே."

சின்ன எண்.
சமன் செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு தடைதான்.
முன்னால் நிற்கும் எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம்,
எழுத்தின் காலடியில் ஒட்டியிருக்கும் சின்ன எண்ணைத் தொடக் கூடாது.
தொட்டால் கணக்கு உடனே நேராகிவிடும்,
பொருள் வேறாகிவிடும்.
தண்ணீரின் காலடியில் இருக்கும் இரண்டை மாற்றியவன்
அதன்பிறகு தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை.

"முன்னாடி இருக்கறத மாத்துங்க சார்" என்றேன்.
"மூணு மூட்டை."

அந்தப் பக்கம் சத்தமில்லை.
வாலாஜா ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துப் போனது,
வெளியிலும் போனுக்குள்ளும் ஒரே நேரத்தில்.

வெளியேற்றும் வால்வைப் பூட்டினேன்.
சாவியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு
ஜிப்பை இழுத்தேன். பாதியில் மாட்டியது, எப்போதும் போல.
தசரதன் தொட்டி விளிம்பில் குந்தியபடி
பீடியைப் பற்றவைக்காமல் பிடித்திருந்தான்.
"காலையில வந்துடுமா மேடம்?"

தெரியாது என்றேன்.
பதிவேட்டில், இரவு பத்து நாற்பது என்று நேரம் போட்டு,
ஐந்து என்று எழுதினேன்.
பேனாவில்.