நித்திரைப் பதிவு

யூனியன் பிளேஸ். காப்புறுதிக் கம்பனி.
மூன்றாம் மாடி, இழப்பீட்டுப் பகுதி.
சித்திரை முற்பணத்தோடு சேர்த்து
ஆளுக்கொரு கைப்பட்டி தந்தார்கள்.
கறுப்பு ரப்பர். தோலைத் தொடும் பக்கம் ஒரு பச்சைக் கண்.
"கட்டாயமில்லை" என்றாள் மனிதவளப் பிரிவு டிலினி,
கட்டாதவர்களின் பெயரை
வேறொரு தாளில் எழுதிக்கொண்டே.

வாசலில் இருந்து பஸ் தரிப்பிடம் வரை
அறுநூற்றுப் பதினெட்டு எட்டு.
மீன்காரனைக் கண்டு திரும்பினால் எழுநூறு.
மாதவிலக்கு பிந்தியதைக்கூட
எனக்கு முன்னமே எண்ணிவைத்திருந்தது.
அந்த வாரம் லிஃப்டில்
டிலினி என் வயிற்றைப் பார்த்தது போலிருந்தது.
பார்க்காமலும் இருந்திருக்கலாம்.
இந்த 'கலாம்'தான் இப்போதெல்லாம்
சட்டைக்குள் ஊர்கிற எறும்பு.
தட்டவும் ஏலாது, நாலு பேர் நடுவில்.

காலையில் கைத்தொலைபேசியில் ஓர் ஊதா வரைபு:
ஆழ்ந்த நித்திரை ஒரு மணி பத்து நிமிடம்.
விழிப்பு நான்கு தடவை.

முன்பும் இதைக் கேட்டிருக்கிறார்கள்.
வேறு ஆட்கள், வேறு உடுப்பு.
வெள்ளவத்தை, ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு வாடகை வீடு.
இரவு பதினொன்றரைக்குக் கதவடியில் டோர்ச் வெளிச்சம்.
நிரந்தரமாக இருப்போர்,
வந்து தங்குவோர், வந்த காரணம், போகும் திகதி.
எனக்குப் பதினேழு வயது,
துவைத்த உள்ளாடைகள் கொடியில் தொங்க
அதற்குக் கீழே நின்றபடி ஒருவன்
பாய்களை எண்ணினான்.
"எத்தனை பேர் நித்திரை?"
பதிவுத் தாளை அம்மா
பிரிட்ஜுக்கு மேலே, பல்ப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தா,
கேட்டதும் எடுத்துக் கொடுக்க.

இப்போது கேட்பதில்லை.
கேளாமலே எடுக்கிறார்கள்.

போன புதன்கிழமை, நூறாம் இலக்க பஸ்.
பம்பலப்பிட்டியில் ஒரு சீருடை ஏறியது.
லீவில் போகிற பொடியன். கையில் கேக் பெட்டி.
பெட்டி நசியாமல் நிற்க இடம் தேடினான்,
அவ்வளவுதான்.
என் கை தன்பாட்டில் பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தடவிப் பார்த்தது.
கொள்ளுப்பிட்டியில் இறங்குகையில்
மணிக்கட்டு அதிர்ந்தது.
திரையில் சின்னதாய் வாணவேடிக்கை:
வாழ்த்துகள்! பன்னிரண்டு நிமிட உடற்பயிற்சி.
இதயத்துடிப்பு நூற்று முப்பத்திரண்டு.
இன்றைய இலக்கை அடைந்துவிட்டீர்கள்.

சிரித்தேன்,
கொண்டக்டர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.
எண் அவர்களிடம். ஏன் என்பது என்னிடம்.
ஒரு கிழமை அந்த நினைப்பிலேயே
நிமிர்ந்து நடந்தேன்.
பிறகுதான் உறைத்தது:
இடத்தையும் நேரத்தையும் துடிப்பையும்
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க
வேலையில்லாத ஒருவன் போதும்.
ஆள்கூடத் தேவையில்லையாம் இப்போது.

வவுச்சர் பரிசு இந்த மாதம் ரிஸ்மினாவுக்கு.
இருபத்து மூவாயிரம் எட்டு, அதுவும் இரவு எட்டு மணிக்குப் பிறகு.
கைதட்டினோம்.
பட்டியைக் கட்டிக்கொண்டு ஓடியது
அவளுடைய இரண்டு வயதுச் சின்னவன் என்று
பாத்ரூமில் சொன்னாள், தண்ணீரைத் திறந்துவிட்டு.

நானும் ஒன்று கண்டுபிடித்தேன்.
துவாயைச் சுருட்டி அதில் இறுக்கிக் கட்டினால்
பச்சைக் கண் அதற்குள்ளும்
ஒரு துடிப்பைத் தேடிப் பிடித்துவிடுகிறது.
என் துவாய்க்கு நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு.
விளையாட்டு வீரருக்குப் போல.
ஜன்னல் கம்பியில் சாய்த்து வைக்கிறேன்.
கடைசி ரயில் போகையில் கம்பி நடுங்கும்.
விடிந்ததும் வரைபில் நிற்கும்: விழிப்பு ஒரு தடவை.

"நல்ல முன்னேற்றம்" என்று
டிலினி நேற்று தோளைத் தட்டினாள்.

அந்த இரவுகளில் நான்
நித்திரை கொண்டேனா,
கொண்டால் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன்,
பக்கத்தில் யாரும் இருந்தார்களா
என்பதையெல்லாம்
உங்களுக்கும் சொல்வதாக இல்லை.