குறைந்த விலைக்குக் காரணம்

நிபோங் திபாலில் ஆற்றோரம் மூன்றாவது கடைவீடு.
இரண்டு லட்சம் வெள்ளிக்குப் பத்தாயிரம் குறைவு.
"இந்த விலைக்கு பத்து காவானில்
கார் நிறுத்த இடம்தான் கிடைக்கும்" என்றார்
முகவர் ஊய்.
பிறகு, அதிகம் சொல்லிவிட்டவர்போல்
சாவிக்கொத்தை எண்ண ஆரம்பித்தார்.

விலை ஏன் இறங்கியதென்று
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பெண் பார்க்கப் போன இடத்தில்
வயதைக் கேட்காமல்
காபியைக் குடிப்பது மாதிரி.

முன் கண்ணாடியில் இன்னும் இருந்தது
ஒரு பல் வரிசை, ரோஜா நிற ஈறோடு.
நாற்பது வருஷம் இங்கே
பல் கட்டினாராம் ஒரு லிம்.
அவர் போய், நாற்காலியும் போய்,
சிரிப்பு மட்டும் தெருவைப் பார்த்தபடி.

உள்ளே தரையோடுகள்.
நீலப் பூ, பூவுக்குள் இன்னொரு பூ,
ஒன்றுகூட உடையவில்லை.
நடுமுற்றத்தில் நாலு முழம் வானம்.
என் எடையைப் பற்றி மாடிப்படி
முதல் அடியிலேயே கருத்துச் சொன்னது.
சுவரெல்லாம் பழைய காவி,
இடுப்பளவுக்கு மட்டும் புது வெள்ளை.

இடுப்பளவுக்கு மட்டும் ஏன்?

தம்பி குணாளன் உத்தரத்தைத் தட்டினான்.
கட்டைவிரல் உள்ளே போனது.
"அக்கா, இது வீடில்லை, புகார்ப் புத்தகம்."
வங்கிப் பையன் கட்டடத்தின் வயதைப் பதிந்தான்.
அப்படியொரு வருஷத்தைக்
கணினி ஏற்க மறுத்தது.

முப்பத்தொரு வருஷம்
பிறை தொழிற்சாலையில் உருப்பெருக்கியடியில்
சில்லுகளைப் பார்த்தவள் நான்.
மயிரிழைக் கீறல் என்றாலும்
சிவப்புத் தட்டில் தள்ளுவேன்.
அந்தக் கண்களுக்கு வந்த கூலி
சேமநிதியில் கிடக்கிறது.
கீறல் இல்லாத ஒன்றை வாங்க
அது போதாது.

கையெழுத்துப் போட ஏழு வாரிசுகள்.
ஆறு பேர் தபாலில் போட்டார்கள்.
ஏழாவது, லிம்மின் கடைசி மகள் சியூ ஹோங்,
தைப்பிங்கிலிருந்து பேருந்தில் வந்து
நேரே பின்னறைக்குப் போனாள்.
"அலமாரியை நகர்த்துங்கள்" என்றாள்.
ஊய் இருமினார்.

அலமாரிக்குப் பின்னால் வெள்ளை எட்டாத சுவர்.
பென்சில் கோடுகள்,
கோட்டுக்கொரு வருஷம்,
வருஷத்துக்குப் பக்கத்தில் சீனத்தில் பொடி எழுத்து.
விரல் வைத்து மலாயில் படித்துச் சொன்னாள்:

அறுபத்தேழு. முழங்கால். எலிகளும் மாடிக்கு வந்தன.
எழுபத்து மூன்று. கணுக்கால். பெரிதாக ஒன்றுமில்லை.
எண்பத்தெட்டு. இடுப்பு. நாற்காலி மிதந்தது,
பாதிப் பல்லோடு வந்தவர் இறங்க மாட்டேன் என்கிறார்.

பொய்ப்பல் கட்டிப் பிழைத்த மனிதர்
ஒரு கோடுகூடப் பொய்யாகப் போடவில்லை.

யாரும் கேட்காமலே ஊய்
இன்னும் ஐயாயிரம் குறைத்தார்.
நான் அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

நவம்பரில் ஆறும் மழையும்
பேசிவைத்துக்கொண்டு வந்தன.
இரவு இரண்டு மணி,
கேட்டுவிட்டு நுழையும் விருந்தாளியா அது?
நீலப் பூக்கள்மேல் பழுப்புத் தண்ணீர்
ஒரு சத்தமும் இல்லாமல் ஏறியது.
ஐந்தாவது படியில் உட்கார்ந்தேன்,
மடியில் அரிசி வாளி,
வாளிமேல் வீட்டுப் பத்திரம்.
கைப்பேசியில் குணாளன்:
சொன்னேனா இல்லையா, சொன்னேனா இல்லையா.

விடியும்போது இறங்கிவிட்டது.
பசியாறக்கூட இல்லை, அலமாரியை நகர்த்தினேன்.
பென்சில் எங்கே வைத்தேனோ.
கைப்பையில் புருவப் பென்சில்தான் இருந்தது,
கறுப்பும் இல்லாத காப்பி நிறம்.
ஈரம் காய்வதற்குள் இழுத்தேன்,
எண்பத்தெட்டுக்கு வெகு கீழே,
எழுபத்து மூன்றுக்குக் கொஞ்சம் மேலே:

கெண்டைக்கால். அரிசி தப்பியது.
குணாளன் நாலு முறை அழைத்தான்.