மயிர்க்கோடு

ரோஸ் ஹில், பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசை.
கோமளா அப்பாவு பட்டுக்கடை திறந்தார்.
பெயர் நித்திலம்.
"தடிப்பது தூண்போல் தடிக்கட்டும், மெலிவது
மயிரளவாய் மெலியட்டும்.
சென்ட் புட்டிமேல் இருக்குமே,
அந்த எழுத்து."

தெரியும் எனக்கு அந்த எழுத்தை.
பெரிதாய் எழுதினால் அரசி.
சிறிதாக்கினால் மெல்லிய கைகளை
உள்ளே இழுத்துக்கொண்டு
யாரோபோல் நிற்பாள்.

ரோமன் வரிசையைக் கணினி கொடுத்தது.
இணையாய் ஒரு தமிழ் கிடைக்கவில்லை, நானே வரைந்தேன்.
கோவில் பள்ளியில் சனிக்கிழமை சனிக்கிழமையாய்
பாதித் தமிழ் படித்தவன்;
வாசிக்கத் திணறுவேன், வளைவு தப்பாது.
நி-க்கும் தி-க்கும் மேல்விலங்கை நூலாக இழுத்தேன்.
லகரம் சுழியில் இளைத்து
இடுப்பில் கொழுத்தது.
தகரத்தின் வால் எங்கே மூச்சு விடும் என்று
கேட்க ஆளில்லை.
இரண்டே புள்ளிகள்: வட்டமா, சாய்சதுரமா?
மூன்று இரவு.

வெட்டும் இயந்திரத்தருகே ஜெரால்ட் சொன்னான்:
இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நிற்காது.
ஒன்றரை, என்றேன்.
கோமளாவிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால் தடிக்கச் சொல்லிவிடுவார்.

ஏணிமேல் நின்று வெண்தாளை உரித்தபோது
கறுப்புப் பலகையில் பொன் எழுந்தது.
எதிரே கியூரிப்புக்குப் போகும் பஸ்ஸில் ஒருத்தி
வாயசைத்துப் படித்தாள்.
ஆறு மாதம் அதையே சொல்லித் திரிந்தேன்.

பிப்ரவரியில் மூன்றாம் எச்சரிக்கை.
ஜன்னல்களுக்குப் பலகை அடித்தோம்,
பாத்திரங்களில் நீர் பிடித்தோம்.
இரண்டு இரவும் காற்று
மெய்ப்புத் திருத்துகிறவன்போல
ஊரை வரிவரியாய்ப் படித்துக்கொண்டு போனது.

மூன்றாம் காலை போய்ப் பார்த்தேன்.
ரோமன் வரிசையில் மீதி பத்துக் கட்டைகள்.
ஏழு நின்றன, மூன்று சாய்ந்திருந்தன.
ஹெச் இரண்டு தனி மரங்கள்.
டி-க்குக் கூரை இல்லை.
கீழே, விலங்கும் புள்ளியும் போய்
நததலம, நததலம என்று
குழறிக்கொண்டிருந்தது தமிழ்.

பழைய ஓலையில் புள்ளியே கிடையாதாம்,
படிப்பவன் தானே போட்டுக்கொள்வானாம்.
இதைச் சொல்லித் தப்பிக்கலாமா என்று
ஒரு கணம் நினைத்தேன்.

கோமளா துடைப்பத்தோடு வெளியே வந்தார்,
புடவையை முழங்கால்வரை செருகியிருந்தார்.
வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.
"எப்போது ஒட்டுவாய்?"
காசு வேண்டாம், என்றேன்.
இந்தமுறை கொஞ்சம் தடித்து, என்று இழுத்தேன்.
"தடித்த எழுத்து வேண்டுமென்றால்
இரும்புக்கடைக்கு எழுது."

தெரு முனையில் ரஷீதின் தால் பூரிப் பெட்டி.
கண்ணாடியில் ஈரத்தோடு ஒட்டியிருந்தது
ஒரு பொன் இழை, சாண் நீளம்:
ஹெச்சின் குறுக்குக்கோடு.
நகத்தால் கிள்ளப் போனேன்.
"விடு, இருக்கட்டும்" என்றார்
ஆவிக்கு அப்பாலிருந்து,
"எத்தனை பூரி?"