மூன்று பென்ஸ் கூடுதல்

பெண்டிகோவில், தபால் நிலையத்துக்குப் பின்னால்,
சலவை இயந்திரம் என் நாணயங்களை விழுங்கிவிட்டு
முப்பத்தெட்டு நிமிடம் என்கிறது.
நூலகப் புத்தகத்துக்கு வியாழன் கெடு.
அட்டையில் ஒரு லாந்தர், ஓடையில் ஒரு பிணம்,
முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண்.
பிணத்துக்காகத்தான் எடுத்தேன்.

பிணமோ ஒன்பதாம் பக்கத்தில் மிதந்துவிட்டு
அப்புறம் ஆளையே காணோம்.
கதை பின்னோக்கிப் போய்விட்டது, முந்தைய மாதத்துக்கு.
அங்கே கெஸியா ட்ரெவீனா
திங்களன்று ஊறவைக்கிறாள்.
செவ்வாயன்று செப்புக் கொப்பரையில் அவிக்கிறாள்,
நம் வெள்ளாவி மாதிரியேதான்.
புதன் நீலம், வியாழன் கஞ்சி,
நடுவில் ரொட்டிக்கு மாவு, பல் முளைக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல்,
விரல் இடுக்கில் ஆறாத வெடிப்பு.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது.
தங்கம் தோண்டும் இருபத்திரண்டு ஆண்களின் அழுக்கு
இவள் ஒருத்தியின் கணக்கு நோட்டில்.

யாருக்கு வேண்டும் உன் சோப்புக் கணக்கு,
சீக்கிரம் எவனையாவது பிடியேன் அம்மா என்று
பத்துப் பத்தாய்ப் புரட்டித் தள்ளினேன்.

நூற்றுப் பதினான்கில் விசாரணை.
மதுக்கடை மாடியில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு தாடி.
செத்தவன் சுரங்கத்துச் சம்பளக் கணக்கன்.
குடித்தான், வழுக்கினான், ஓடை கொண்டுபோனது.
கெஸியாவிடம் ஒரே கேள்வி:
அன்றிரவு யாரையாவது பார்த்தாயா?
இல்லை ஐயா.
உண்மைதான். யாரையும் பார்க்கவில்லை.
எதைப் பார்த்தாய் என்று
கேட்க ஒரு தாடிக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சுருக்கென்றது.
விரல் தானாகப் பின்னோக்கி ஓடியது.
நாற்பத்து மூன்றாம் பக்கம், நான் தாவிய பக்கம்,
ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக்.
எனக்கு முன்னால் படித்த யாரோ
இங்கே நின்றிருக்கிறார்கள்.

*மேலாளர் ரோஸ்வார்ன். சட்டை ஒன்று.
திங்களன்று வரவேண்டியது, வியாழன் விடியலில் வந்தது.
முழங்கை வரை வெள்ளைக் களிமண்.
அரைக்கட்டி சோப்பு போயிற்று. மூன்று பென்ஸ் கூடுதல்.*

ஓடைக்கரை மண் சிவப்பு.
வெள்ளைக் களி கிடப்பது
நாற்பது அடி கீழே, சுரங்கத்தின் வயிற்றில்.

வியாழன் துவைத்தாள். வெள்ளி பிணம் மிதந்தது.
இருந்த ஒரே தடயத்தை
அடித்து, அலசி, கஞ்சி போட்டு,
பொத்தான் ஒன்று தைத்தும் கொடுத்தவள் அவள்தான்.
சாயம் வெளுத்துவிட்டது என்போம் நாம்.
இங்கே வெளுத்ததால் அல்லவா
சாயம் நின்றுவிட்டது.

நான் மோட்டலில் நாளுக்குப் பதினாறு அறை.
ஏழாம் எண்ணில் தனியாள் என்று பதிவு,
தலையணை இரண்டிலும் குழி.
பன்னிரண்டில் டிஷ்யூப் பெட்டி ஒரே இரவில் காலி,
படுக்கை கலையவே இல்லை.
மேற்பார்வையாளர் கேட்பது:
பதினொன்றுக்குள் முடியுமா?
மாரிசெல் என்னைப் பார்ப்பாள், நான் அவளை.
முடியும் என்போம்.

கெஸியா நீதிமன்றம் போகவில்லை.
அடுத்த திங்கள், துவைத்த மூட்டையோடு
ரோஸ்வார்னுக்குச் சீட்டு அனுப்பினாள்:
வெள்ளைக் களிமண், மூன்று பென்ஸ்.
கொடுத்தான்.
அதற்கடுத்த திங்களும் அதே சீட்டு.
கொடுத்தான்.
மூன்றாம் வாரம் கேட்காமலே ஒரு பவுன் வைத்தான்.
அவள் மூன்று பென்ஸ் எடுத்துக்கொண்டு
மீதியை எண்ணி,
செத்தவனின் மனைவி வீட்டு வாசலில் வைத்து
ரசீது எழுதிவைத்தாள், எதற்கென்று, யாருடையதென்று.

இன்னும் இருபது பக்கம் இருக்கிறது.
இயந்திரம் கடைசியாக ஒரு முறை உலுக்கி நின்றது.
சேந்தன் போனில்: கொன்னவன் யாருன்னு தெரிஞ்சுதா?
இரு, மடிச்சிட்டு வரேன்.

விரிப்புகளுக்குள் சுருண்டு
எங்கள் வீட்டில் இல்லாத ஒரு குழந்தையின்
ஒற்றைக் காலுறை.
பென்சில் டிக்குக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டேன்.
நூலகச் சீட்டின் பின்புறம் எழுதினேன்:
செவ்வாய், மாலை ஆறரை, மூன்றாம் இயந்திரம்,
நீலக் கரை, குதிகாலில் தார்.